குடிகளை மறவாத பிரபு



அரசர்களின் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அரசருக்கு அடுத்த படியில் நின்ற பிரபுக்களின் கதை அவ்வளவாக நம் காதுக்கு எட்டியதில்லை. ஆனால், ஏழை எளியவரின் அன்றாட வாழ்வு அந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது? தொலைவில் இருந்த அரசர் கையில் அன்று. ஊரை ஆண்ட பிரபுவின் கையில்தான். பிரபு நல்லவராக இருந்தால் குடிகள் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் அழிந்தார்கள்.

இன்று அப்படிப்பட்ட ஒரு பிரபுவின் வாழ்க்கையையும் அவர் குடும்பத்தையும் பற்றிப் பேசுவோம். அவர் பெயர் ஜான் த ஜுவான்வில். பிரெஞ்சு நாட்டின் கிழக்குப் பகுதியில், ஷாம்பேன் என்ற மாநிலத்தில் வாழ்ந்தவர். 1225ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்து, 1317ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கண்மூடினார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். முதுமையில் தம் அனுபவங்களைத் தாமே சொல்லி எழுதுவித்தார். அந்த நூல் அழியாமல் நமக்குக் கிடைத்திருப்பதால்தான் அவருடைய மனத்தை இன்றும் நம்மால் அறிய முடிகிறது.

அந்தக் காலத்து பிரெஞ்சு நாடு எப்படி இருந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். நிலமெல்லாம் பிரபுக்களுக்குச் சொந்தம். உழுது பயிரிட்ட குடியானவர்கள் விளைச்சலில் ஒரு பங்கைப் பிரபுவுக்கு அளக்க வேண்டும். ஆண்டில் சில நாட்கள் அவருடைய சொந்த நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். பல ஊர்களில் கோதுமையை அவருடைய ஆலையில்தான் அரைக்கலாம். ரொட்டியை அவருடைய அடுப்பில்தான் சுடலாம். அதற்கும் கட்டணம் உண்டு. இவ்வளவும் வாங்கிக்கொண்ட பிரபு பதிலுக்கு என்ன செய்ய வேண்டும்? எதிரி வந்தால் காக்க வேண்டும். வழக்கு வந்தால் நீதி சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஆனால், கொடுப்பதை மறந்து வாங்குவதை மட்டும் நினைவில் வைத்திருந்த பிரபுக்களும் இருந்தார்கள்.

ஜுவான்வில் என்பது மார்ன் நதிக்கரையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே குன்றின் மேல் அவர்களுடைய கோட்டை நின்றது. ஊரின் பெயரே குடும்பத்தின் பெயரும் ஆயிற்று. அந்தக் குடும்பத்தார் ஷாம்பேன் மாநிலத்தின் அரண்மனைக் காரியத் தலைவர்களாக வழிவழியாகப் பணியாற்றி வந்தனர். பெரிய விருந்துகளில் ஆட்சியாளருக்கு முன் நின்று இறைச்சியை வெட்டிப் பரிமாறுவதும் அந்தப் பதவிக்குரிய மரியாதைகளில் ஒன்று. 1241ஆம் ஆண்டு சோமூர் என்ற ஊரில் நடந்த ஒரு பெருவிருந்தில், இளைஞரான ஜான் தம் தலைவருக்கு அப்படிப் பரிமாறினார்.

ஜானின் தந்தை பெயர் சிமோன். 1233ஆம் ஆண்டு அவர் இறந்தபோது ஜான் சிறு பையன். தாய் பெயாத்ரிஸ்தான் அவரை ஆளாக்கினார். குடும்பச் சொத்தையும் கட்டிக் காத்தார். ஜானின் தம்பி ஜெஃப்ருவா பிழைப்புத் தேடிக் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே மோட் என்ற செல்வச் சீமாட்டியை மணந்து, மனைவியின் உரிமையால் அயர்லாந்தில் டிரிம் என்ற ஊரின் பிரபுவானார். பிரபுக் குடும்பத்திலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிலம் போதாது. பிற்பாடு பிறந்தவர்கள் வெளியூரில்தான் வாழ்வைத் தேட வேண்டியிருந்தது.

ஜானுக்கு இளமையிலேயே திருமணம் நடந்தது. மனைவி பெயர் அலிக்ஸ். குடும்பம் அமைதியாக நடந்துகொண்டிருந்த வேளையில், நாடெங்கும் ஒரு செய்தி பரவியது. அரசர் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்குப் புறப்படுகிறார் என்பதே அந்தச் செய்தி.

ஜெருசலம் நகரம் யூதர், கிறிஸ்துவர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமயத்தாருக்கும் புனிதமானது. அந்நகரத்துக்காக நூற்றைம்பது ஆண்டுகளாகப் போர்கள் நடந்துவந்தன. 1244ஆம் ஆண்டின் இறுதியில் அரசர் லூயி கடும் நோயில் விழுந்தார். பிழைத்து எழுந்ததும், கடல் கடந்து போரிடுவதாக நேர்ந்துகொண்டார். பிரபுக்கள் பலர் அவருடன் செல்ல முடிவு செய்தனர். ஜானும் அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு வயது.

நேயர்களே, இங்கேதான் அவருடைய கதை நம் மனத்தைத் தொடுகிறது. 1248ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகைக்குத் தம் ஆட்களையும் தமக்குக் கட்டுப்பட்ட சிறு பிரபுக்களையும் ஜுவான்வில் கோட்டைக்கு அழைத்தார். பண்டிகைக்கு முந்திய நாள் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்த வாரம் முழுவதும் ஆட்டமும் பாட்டும் விருந்துமாகக் கழிந்தது. வெள்ளிக்கிழமை வந்தது. ஜான் எல்லாரையும் ஒன்றுகூட்டினார். தாம் கடல் கடந்து போவதாகவும், திரும்பி வருவோமா என்பது தெரியாது என்றும் சொன்னார். தம்மால் யாருக்காவது தீங்கு நேர்ந்திருந்தால் முன்வந்து சொல்லலாம். ஒருவர் விடாமல் அனைவருக்கும் ஈடு செய்துவிட்டுத்தான் புறப்படுவேன் என்றார்.

அது மட்டுமா? பிரபு எதிரே உட்கார்ந்திருந்தால் குடிகள் எப்படி வாய் திறப்பார்கள்? அதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, வழக்குகளைப் பேசத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட்டார். தம் நிலத்தைச் சேர்ந்தவர்களே கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அவர்கள் சொன்ன தீர்ப்பை மறுபேச்சின்றி ஏற்றார். அதிகாரம் உள்ளவர் ஒருவர் தாமே எழுந்து வெளியே போன அந்தக் காட்சியை நாம் மறக்கக் கூடாது.

அடுத்து பணத்துக்கு வழி பார்த்தார். தாய் உயிருடன் இருந்ததால் குடும்பச் சொத்து முழுவதும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. நிலத்திலிருந்து அவருக்குக் கிடைத்த வருமானம் ஆண்டுக்கு 1,000 லிவர் கூட இல்லை. லிவர் என்பது அந்நாட்டு நாணயக் கணக்கு. அவருடன் புறப்பட்ட ஒன்பது வீரப் பெருமக்களின் செலவும் அவரைச் சேர்ந்தது. பிறரிடம் அநியாயமாகப் பெற்ற ஒரு காசையும் தம்முடன் கொண்டுபோக அவர் விரும்பவில்லை. மெட்ஸ் என்ற நகரத்துக்குப் போய்த் தம் நிலத்தின் பெரும்பகுதியை அடகு வைத்தார்.

பிறகு யாத்திரிகர்களின் கைக்கோலும் பையும் பெற்றுக்கொண்டு, வெறுங்காலுடன் அக்கம் பக்கத்துக் கோயில்களுக்கு நடந்தார். வழியில் ஓர் இடத்திலிருந்து பார்த்தால் ஜுவான்வில் கோட்டை தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? அழகிய கோட்டையையும் அங்கே விட்டுவந்த இரண்டு குழந்தைகளையும் நினைத்தால் மனம் இளகிவிடும் என்று அஞ்சினாராம். கப்பலேறிய முன்னோர்களின் கதையைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆகஸ்டு மாதம் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறினார்கள். அந்தக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு பெரிய கதவு இருந்தது. அதைத் திறந்து குதிரைகளை உள்ளே ஏற்றினர். பின்னர் கதவைச் சாத்தி, பீப்பாயின் இடுக்குகளை அடைப்பதுபோல் நீர் புகாமல் இறுக அடைத்தனர். நடுக்கடலில் அந்தக் கதவு முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் என்பதே காரணம்.

சைப்பிரஸ் தீவை அடைந்தபோது, கப்பல் கூலி கொடுத்தது போக அவர் கையில் 240 லிவர்தான் மிஞ்சியது. பணம் வராவிட்டால் விலகிப் போவோம் என்று உடன் வந்த வீரர்கள் சிலர் சொல்லிவிட்டார்கள். நிலைமையை அறிந்த அரசர் லூயி அவரை அழைத்து 800 லிவர் கொடுத்துத் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் இடையே வாழ்நாள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

அரசர் பக்திமான், எளியவரிடம் இரக்கம் மிக்கவர். ஜானோ உள்ளதை ஒளிக்காமல் பேசுகிறவர். ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை ஏழைகளின் கால்களைக் கழுவுவது உண்டா என்று அரசர் ஒருமுறை கேட்டார். அந்தக் குடியானவர்களின் கால்களை ஒருநாளும் கழுவ மாட்டேன் என்று ஜான் பளிச்சென்று சொல்லிவிட்டார். அரசர் அவரைக் கண்டித்தார். இந்தச் செய்தியை நமக்குச் சொல்பவர் வேறு யாருமல்லர். ஜானே தம் நூலில் எழுதியிருக்கிறார். குடிகளுக்கு நீதி செய்த மனிதருக்குள்ளேயும் குலப் பெருமை ஒளிந்துகொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

1249ஆம் ஆண்டு ஜூன் மாதம் படை எகிப்தில் இறங்கி, டமியெட்டா நகரைப் பிடித்தது. 1250 பிப்ரவரியில் மன்சூரா என்ற இடத்தில் பெரும்போர் நடந்தது. அரசரின் தம்பி ஒருவர் அங்கே மாண்டார். ஜானின் உடம்பில் அம்புகள் ஐந்து இடங்களில் தைத்தன; அவர் குதிரையின் மேல் பதினைந்து இடங்களில். போருக்குப் பிறகு முகாமில் நோய் புகுந்தது. ஈறுகள் அழுகி வீங்கின. அழுகிய சதையை நாவிதர்கள் அறுத்தெடுத்த பிறகுதான் நோயாளிகளால் உணவை மென்று விழுங்க முடிந்தது. கத்தி பட்டபோது அவர்கள் போட்ட கூச்சல் முகாமெங்கும் கேட்டதாம்.

பின்வாங்கிய படை நைல் நதி வழியில் சிக்கிக்கொண்டது. ஏப்ரல் மாதம் அரசரும் ஜானும் ஆயிரக்கணக்கான வீரர்களும் கைதிகளானார்கள். ஜானின் படகை எகிப்தியர் சூழ்ந்தபோது, சரணடைவதைவிட எல்லாரும் வெட்டுப்பட்டுச் சொர்க்கம் போகலாம் என்றார் அவருடைய பணியாளர் ஒருவர். அந்த யோசனையை யாரும் கேட்கவில்லை என்று ஜான் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார்.

அவர் உயிர் பிழைத்தது யாரால்? எதிர்த் தரப்பைச் சேர்ந்த ஒரு முஸ்லிமால்தான். அவர் நீந்தி வந்து ஜானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கழுத்தை அறுக்கக் கத்தியுடன் மற்றவர்கள் பாய்ந்தபோது, இவர் அரசருக்கு உறவினர் என்று கத்தி, தம் உடம்பால் மறைத்துக் காத்தார். ஜானுக்குத் தொண்டையில் கட்டி, தண்ணீரும் இறங்கவில்லை. இன்னொரு முஸ்லிம் ஏதோ ஒரு பானத்தைக் கொடுத்துக் குடிக்கச் செய்தார். இரண்டு நாளில் நோய் குணமாயிற்று. ஜானுடன் பார்த்தெலெமி என்றொரு சிறுவன் இருந்தான். காப்பாற்றிய அந்த மனிதர் விடைபெறும்போது, இந்தப் பிள்ளையின் கையை எப்போதும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கொன்றுவிடுவார்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார். போர்க்களத்திலும் மனிதத்தன்மை சாகவில்லை. அந்த நன்றியை ஜான் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்காமல் எழுதினார்.

மீட்புப் பணத்தின் முதற்பகுதியாக 200,000 லிவர் கொடுக்க வேண்டும் என்று உடன்பாடு ஆயிற்று. எண்ணிப் பார்த்தால் 30,000 குறைந்தது. பலருடைய பணத்தைப் பாதுகாத்து வைத்திருந்த டெம்பிளர் என்ற துறவி வீரர் சங்கத்தாரிடம் கடன் கேட்டார்கள். உரியவரிடம் தவிர வேறு யாரிடமும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறோம் என்று அவர்கள் மறுத்தார்கள். ஜான் அவர்களுடைய கப்பலுக்குப் போனார். சாவி தர மறுத்தபோது, கிடந்த கோடரியை எடுத்து, இதுவே அரசரின் சாவி என்று பெட்டியை உடைக்கப் போனார். உடனே சாவி கைக்கு வந்தது!

அரசரும் பிரபுக்களும் விடுதலையாகி, பாலஸ்தீனக் கரையில் உள்ள ஆக்கர் நகரத்தை அடைந்தார்கள். ஆனால் சாதாரண வீரர்கள் பலர் இன்னும் எகிப்தில் கைதிகளாகக் கிடந்தார்கள். இப்போது ஒரு கேள்வி எழுந்தது. ஊருக்குத் திரும்புவதா, அங்கேயே தங்குவதா? அரசர் ஆலோசனைச் சபையைக் கூட்டினார். அவருடைய தம்பிமார் உட்படப் பெரும்பாலோர் திரும்பிவிடலாம் என்றனர். எல்லாருக்கும் வீட்டு நினைவு. ஜானுக்கு மட்டும் இல்லையா? கோட்டையைத் திரும்பிப் பார்க்கவே அஞ்சியவர் அவர்.

ஆனால் புறப்படும்போது உறவினரான பூர்லமோன் பிரபு சொல்லியனுப்பிய ஒரு சொல் அவர் நெஞ்சில் நின்றது. உடன் அழைத்துச் சென்ற எளிய மக்களைப் பகைவர் கையில் விட்டுவிட்டு வரும் எந்தப் பிரபுவும், அவர் ஏழையானாலும் செல்வரானாலும், வெட்கப்படாமல் ஊர் திரும்ப முடியாது என்பதே அந்த அறிவுரை. ஜானின் முறை வந்தது. அரசர் தங்க வேண்டும். தங்கினால்தான் அந்த ஏழைக் கைதிகளுக்கு விடுதலை கிடைக்கும். அரசர் போய்விட்டால் அவர்கள் கதி அதோகதிதான் என்று துணிந்து சொன்னார். சபையில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் சிறையில் ஓர் உறவினராவது இருந்தார்.

கண்ணீர் விட்டவர்களே வெளியே வந்ததும் அவரை ஏசினார்கள். அன்று உணவு வேளையில் அரசரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அரசருக்குக் கோபம் என்று நினைத்த ஜான், கம்பி போட்ட ஒரு சன்னலருகே போய் நின்றார். பின்னாலிருந்து யாரோ அவர் தலைமேல் இரு கைகளையும் வைத்தார்கள். கேலி செய்ய வந்த ஒரு பிரபு என்று நினைத்து, என்னைச் சும்மா விடுங்கள் என்றார். பிறகு அந்தக் கையிலிருந்த மரகத மோதிரத்தைப் பார்த்தார். அரசரின் கை! இத்தனை பெரியவர்கள் சொன்னதற்கு எதிராக, இளைஞரான நீர் எப்படித் துணிந்து பேசினீர் என்று அரசர் கேட்டார். தாம் தங்கப் போவதாகவும், அதைச் சில நாட்களுக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்றும் காதோடு சொன்னார்.

அரசர் 1254ஆம் ஆண்டு வரை அங்கே தங்கினார். கைதிகள் தொகுதி தொகுதியாக விடுதலை பெற்றார்கள். ஏழைகளின் காலைக் கழுவ மாட்டேன் என்றவரும், ஏழைக் கைதிகளுக்காகத் துணிந்து வாதாடியவரும் ஒருவரே. துன்பம் எல்லாருக்கும் பொதுவாக வந்தபோது, குலப் பெருமை எங்கோ கரைந்துபோயிற்று.

ஆறு ஆண்டுகள் கழித்து ஜான் ஊர் திரும்பினார். அங்கே அவர் கண்டது என்ன? தாம் இல்லாத காலத்தில், பிரெஞ்சு அரசரின் அதிகாரிகளும் ஷாம்பேனை ஆண்ட நவார் அரசரின் அதிகாரிகளும் அவருடைய குடிகளை வாட்டி வறுமைப்படுத்தியிருந்தார்கள். தட்டிக் கேட்கத் தலைவர் இல்லாத ஊர் அல்லவா? அந்தக் காட்சி அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

1267ஆம் ஆண்டு அரசர் மீண்டும் போருக்குப் புறப்பட முடிவு செய்து ஜானையும் வற்புறுத்தி அழைத்தார். உயிருக்கு உயிரான நண்பர். ஆயிரம் நன்மை செய்தவர். என்ன பதில் சொல்வது? ஜான் மறுத்துவிட்டார். முன்பு தாம் கடல் கடந்திருந்தபோது தம் மக்கள் பட்ட பாட்டை எடுத்துச் சொன்னார். கடவுளுக்குப் பிடித்ததைச் செய்ய வேண்டுமானால், தம் குடிகளுக்குத் துணையாக ஊரில் தங்குவதே முறை. அவர்களுக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே விட்டுப் போனால் அது கடவுளின் கோபத்துக்கு உரியது என்றார்.

அப்போது அரசரின் உடல் நலிந்து, குதிரையேறவும் முடியாத நிலையில் இருந்தது. பாரிஸ் நகரில் ஒரு வீட்டிலிருந்து துறவிகளின் மடம் வரை ஜான் அவரைத் தம் கைகளில் தூக்கிச் சென்று விடைபெற்றார். அதுவே அவர்களுடைய பிரிவு. 1270ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஆப்பிரிக்காவின் வடகரையில், டுனிஸ் நகருக்கு அருகே அரசர் நோயுற்று மறைந்தார்.

ஜான் ஊரில் தங்கிக் குடும்பத்தையும் நிலத்தையும் கவனித்தார். முதல் மனைவி இறந்தபின் மறுமணம் செய்தார். அந்த மனைவியின் பெயரும் அலிக்ஸ்தான். இருவர் வழியிலும் பிள்ளைகள் பிறந்தனர். அவருக்குப் பின் மகன் ஆன்சோ பட்டத்துக்கு வந்தார். 1297ஆம் ஆண்டு திருச்சபை அரசர் லூயியைப் புனிதர் என்று அறிவித்தது. அதற்கான விசாரணையில் 1282ஆம் ஆண்டு ஜானும் சாட்சி சொல்லியிருந்தார். பிறகு அரசி ஜான் கேட்டுக்கொண்டதற்கிணங்க, லூயியின் வரலாற்றை எழுதுவித்தார். நூல் முடியுமுன் அரசி 1305ஆம் ஆண்டு காலமானார். எண்பது வயதைக் கடந்த முதியவர் வேலையை விடவில்லை. 1309ஆம் ஆண்டு அதை முடித்து அரசியின் மகனிடம் அளித்தார். படித்தவர்களின் லத்தீன் மொழியில் அன்று, தாம் பேசிய பிரெஞ்சு மொழியிலேயே அந்நூல் அமைந்தது. அதனால்தான் அதில் ஒரு மனிதரின் குரலே கேட்கிறது. 1314ஆம் ஆண்டு, அரசர் நான்காம் ஃபிலிப் விதித்த வரிகளை எதிர்த்து ஷாம்பேன் பிரபுக்கள் ஒன்றுசேர்ந்தபோது, அந்த முதிய வயதிலும் ஜான் அவர்களுடன் நின்றார்.

ஜானை நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. குடிகளின் உழைப்பில்தான் அவர் கோட்டையும் விருந்தும் நடந்தன. அந்த முறையை அவர் மாற்றவில்லை. ஆனால், தமக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தாம் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஊரை விட்டுப் புறப்படும்போது அவர்களிடம் கணக்குத் தீர்த்தார். அயல்நாட்டில் அவர்களுக்காகப் பேசினார். மீண்டும் அழைப்பு வந்தபோது, அரசரைவிட அவர்களே முக்கியம் என்று தங்கினார்.

ஜுவான்வில் கோட்டை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791ஆம் ஆண்டு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. கல்லால் கட்டியது போய்விட்டது. சொல்லால் கட்டியது நிற்கிறது. பத்துப் பேருக்குத் தலைவராக இருந்தாலும், ஒரு குடும்பத்துக்கு மட்டுமே தலைவராக இருந்தாலும், என்னால் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல அவர்களுக்கு இடம் கொடுத்து நாம் சற்றே எழுந்து வெளியே போக முடியுமா? நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம்.